புரோநோட்டு எழுதி வாங்கிய அரசர்

பாஸ்வொர்த் களத்தில் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்ட் வெட்டுப்பட்டு விழுந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அது 1485 ஆகஸ்ட் 22. வென்றவர் ஹென்றி டியூடர் (ஏழாம் ஹென்றி), வயது 28. நவம்பரில் கூடிய முதல் நாடாளுமன்றத்தில் அவர் செய்த ஒரு காரியமே ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது. தம் ஆட்சி ஆகஸ்ட் 21ஆம் தேதியே தொடங்கிவிட்டதாக எழுதி வைத்துக்கொண்டார். அதாவது போருக்கு முந்தின நாள்!

ஒரு நாளை முன்னே நகர்த்தியதில் என்ன லாபம்? 22ஆம் தேதி ரிச்சர்டின் பக்கம் நின்று வாளெடுத்தவர்கள் அத்தனை பேரும், ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த அரசரை எதிர்த்த ராஜத் துரோகிகள் ஆகிவிட்டார்கள். துரோகியின் நிலபுலன் எல்லாம் அரசருக்குச் சொந்தம். இறந்துபோன ரிச்சர்டையும் சேர்த்து சுமார் 28 பேர் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. தன் அரசருக்காகப் போருக்குப் போகிறவனுக்கே இந்தக் கதி என்றால் இனி எந்த அரசரை நம்பி யார் போருக்கு வருவார்கள் என்று அந்தக் காலத்து மடாலயக் குறிப்பேடு ஒன்று புலம்புகிறது. வேடிக்கை என்னவென்றால், பத்து ஆண்டு கழித்து, 1495இல், அப்போதைக்கு அரியணையில் இருப்பவருக்காகப் போரிட்டவரைத் துரோகி என்று தண்டிக்கக் கூடாது என்று இதே ஹென்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார். இப்போது அரியணையில் இருந்தவர் அவர் அல்லவா!

இப்படியெல்லாம் செய்ய வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அரியணைக்கு அவருடைய உரிமை மிகவும் மெலிந்தது. தந்தை வழியில் பாட்டனார் ஓவன் டியூடர், வேல்ஸைச் சேர்ந்தவர். ஐந்தாம் ஹென்றியின் விதவை கேத்தரினை மணந்துகொண்டவர். அதில் இங்கிலாந்து அரச ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. தாய் மார்கரெட் போஃபோர்ட் அரச வம்சத்தவர்தான். ஆனால் அந்தக் கிளை, திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளின் வழி வந்தது. அவர்களைப் பின்னால் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்றாலும் அரியணைக்கு உரிமை இல்லை என்று நான்காம் ஹென்றி காலத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. ஹென்றி பிறந்தபோது அந்தத் தாய்க்கு வயது 13. தந்தை அதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பே எதிரிகளின் சிறையில் இறந்திருந்தார். 14 வயதில் நாட்டை விட்டு ஓடி, பிரிட்டனியிலும் பிரான்சிலும் 14 ஆண்டுகள் அண்டிப் பிழைத்தவர் இவர். எந்த நேரம் யார் நம்மைப் பிடித்து விற்பார்களோ என்ற பயத்திலேயே வளர்ந்தவர். கடைசிவரை அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை என்பதுதான் என் எண்ணம். அவருடைய ஆட்சிமுறை முழுவதும் அதிலிருந்து கிளைத்ததுதான்.

முதல் ஆறு மாதங்களில் அவர் வைத்த அடிகளின் வரிசையைக் கவனியுங்கள். எதிர்க்கட்சியான, ரிச்சர்டின் யார்க் வம்சத்தின் வாரிசு எலிசபெத்தை மணப்பேன் என்று 1483 கிறிஸ்துமஸ் அன்றே பிரிட்டனியின் ரென் தேவாலயத்தில் சத்தியம் செய்திருந்தார். ஆனாலும் முதலில் அக்டோபர் 30ஆம் தேதி தனியாக முடிசூட்டிக்கொண்டார். அதன் பிறகு நவம்பரில் நாடாளுமன்றம். கிரீடம் இவரிடமே இருக்கும், இவர் பிள்ளைகளிடம் தொடரும் என்று அது அறிவித்தது. எந்த உரிமையில் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. காரணம் சொன்னால்தானே யாராவது மறுக்க முடியும்! அதற்கும் பிறகுதான், 1486 ஜனவரி 18 அன்று, கல்யாணம். மனைவியின் தயவில் அரசரானவர் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. எலிசபெத்துக்கு முடிசூட்டியது இன்னும் தாமதமாக, 1487 நவம்பரில்.

வாளுக்கு வந்த சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிச்சர்டின் அண்ணன் மகன் வாரிக் பிரபு, பத்து வயதுச் சிறுவன், ஆட்சி தொடங்கியதுமே லண்டன் டவர் சிறைக்கு அனுப்பப்பட்டான். 1487இல் லாம்பெர்ட் சிம்னெல் என்ற பையனைக் கொண்டுவந்து, இவன்தான் அந்த வாரிக் என்று டப்ளினில் முடிசூட்டினார்கள். ஜெர்மானியக் கூலிப்படையோடு இங்கிலாந்தில் இறங்கியவர்களை ஜூன் 16 அன்று ஸ்டோக் களத்தில் ஹென்றி முறியடித்தார். பையனைக் கொல்லவில்லை. அரண்மனை அடுப்படியில் இறைச்சிக் கம்பி சுற்றும் வேலைக்குப் போட்டார். பிற்பாடு அதே பையன் பரிமாறிய விருந்தில் அயர்லாந்துப் பிரபுக்களை உட்கார வைத்து, விட்டால் நீங்கள் குரங்குக்கும் முடிசூட்டுவீர்கள் என்று ஹென்றி கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு.

அடுத்து வந்த பெர்க்கின் வார்பெக் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 1491இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் தலைகாட்டி, டவரில் மறைந்துபோன, நான்காம் எட்வர்ட் மன்னரின் பிள்ளைகளான இரு இளவரசர்களில் இளையவன் நான்தான் என்றான். ஆறு ஆண்டுகள் ஐரோப்பிய அரசவைகளில் உலா வந்தான். ஸ்காட்லாந்து அரசர் தன் உறவுப் பெண்ணையே அவனுக்குக் கட்டிவைத்தார். அவனுக்கு இடம் கொடுத்த பர்கண்டியை மடக்க, இங்கிலாந்தின் உயிர்நாடியான துணி வியாபாரத்தையே, பர்கண்டியின் ஆளுகையிலிருந்த ஃபிளாண்டர்ஸோடு 1493இல் நிறுத்தினார் ஹென்றி. கம்பளி வணிகர்கள் கதறினார்கள். வியாபாரம் 1496இல்தான் ஒப்பந்தத்தோடு மீண்டது.

ஹென்றியை உலுக்கிய அடி வெளியிலிருந்து வரவில்லை. பாஸ்வொர்த்தில் கடைசி நிமிடத்தில் படையோடு புகுந்து அவர் உயிரைக் காப்பாற்றியவர் சர் வில்லியம் ஸ்டான்லி. தாயின் மூன்றாவது கணவருக்குத் தம்பி. அரண்மனையின் தலைமை அலுவலர். அவரே வார்பெக் விஷயத்தில் ஊசலாடினார் என்று ஒற்றர்கள் தகவல் கொண்டுவந்தார்கள். உண்மையிலேயே அவன் எட்வர்ட் மன்னரின் மகன் என்றால் அவனுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்னாராம். 1495 பிப்ரவரியில் தலை போனது. அவருடைய ஹோல்ட் கோட்டையில் 9,000 பவுண்டுக்கு மேல் ரொக்கம் அகப்பட்டது. அத்தனையும் அரசரின் பெட்டிக்கு. 1499 நவம்பரில் வார்பெக்கைத் தூக்கிலிட்டார்கள். சிறையில் வளர்ந்து, உலகமே தெரியாமல் 24 வயதான வாரிக்கின் தலையையும் சில நாட்களில் வெட்டினார்கள். இந்த இரண்டாவது கொலைக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. மகன் ஆர்தருக்கு ஸ்பெயின் இளவரசியைப் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டார் கண்ணில் படுமாறு போட்டி வாரிசு யாரும் உயிரோடு இருக்கக் கூடாது.

இனி அவர் ஆண்ட விதத்துக்கு வருவோம். ஹென்றியிடம் நிரந்தரப் படை கிடையாது. 1485இல் தொடங்கிய மெய்க்காவல் அணியைத் தவிர வேறெதுவும் இல்லை. போலீஸ் இல்லை, ஊர் ஊருக்குச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இல்லை. மாவட்ட நிர்வாகம் முழுவதும் உள்ளூர் நிலக்கிழார்கள் சம்பளமில்லாமல் பார்த்த நீதிபதி வேலையை நம்பி ஓடியது. ஆள்பலம் எல்லாம் பிரபுக்களிடம். தங்கள் முத்திரை பொறித்த சீருடை போட்டு நூற்றுக்கணக்கான அடியாட்களை வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு உள்நாட்டுப் போரே அந்த ஆட்களால் நடந்ததுதான். அவர்களை ஒழிக்கவும் முடியாது, ஏனென்றால் நாளைக்கு அரசருக்குப் படை தேவைப்பட்டால் அதே பிரபுதான் ஆள் கொண்டுவர வேண்டும்.

ஹென்றி கண்டுபிடித்த வழி காகிதம். நம்மூரில் வட்டிக்கடைக்காரர் புரோநோட்டு எழுதி வாங்குவது போல, பிரபுக்களிடம் முறி எழுதி வாங்கினார். இன்ன காலம்வரை விசுவாசமாக நடப்பேன், தவறினால் இத்தனை ஆயிரம் பவுண்டு அரசருக்குக் கடன்பட்டவன் ஆவேன் என்பது அதன் சாரம். கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. பெரிய குற்றம்கூடச் செய்திருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் பிசகினால் பத்துக் குடும்பம் திவால். அந்தப் பத்துப் பேரும் அரசருக்காகச் சம்பளமில்லாமல் அவனைக் கண்காணிப்பார்கள். அவருக்கு முன்னிருந்த அரசர்களும் முறி வாங்கியவர்கள்தான். ஆனால் அதையே ஆட்சிக்கலையாக்கியது இவர்தான். அவருடைய ஆட்சிக் காலத்தில் இருந்த பிரபுக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, ஏதாவது ஒரு கட்டத்தில், முறியிலோ சொத்துப் பறிப்புச் சட்டத்திலோ சிக்கியிருந்தன.

அபெர்கவெனி பிரபுவின் வழக்கைப் பார்த்தால் இந்த இயந்திரம் ஓடும் விதம் புரியும். சட்டத்தை மீறி 471 ஆட்களை 30 மாதம் வைத்திருந்தார் என்று குற்றச்சாட்டு. ஆளுக்கு மாதம் 5 பவுண்டு அபராதம். பெருக்கிப் பாருங்கள், 70,650 பவுண்டு! அன்றைய அரசின் ஒரு வருட வருமானமே சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டுதான். எந்தப் பிரபுவாலும் கட்ட முடியாத தொகை, அது ஹென்றிக்கும் தெரியும். 5,000 பவுண்டாகக் குறைத்து, பத்து ஆண்டுத் தவணையில் கட்டச் சொன்னார். கூடவே, அனுமதியில்லாமல் கென்ட் உள்ளிட்ட தென்கிழக்கு மாவட்டங்களில், அதாவது அவருடைய சொந்தச் செல்வாக்கு வட்டாரத்தில், கால் வைக்கக் கூடாது என்றும் நிபந்தனை. மீதித் தொகை? அது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். பணம் வசூலாவதைவிட அது தொங்குவதுதான் அவருக்கு முக்கியம்.

எல்லாரையும் நெரித்தார் என்றும் சொல்லிவிட முடியாது. சர்ரே பிரபு தாமஸ் ஹோவார்ட் பாஸ்வொர்த்தில் ரிச்சர்டுக்காகப் போரிட்டவர். தகப்பனார் அங்கேயே மடிந்தார். மூன்று ஆண்டுக்கு மேல் டவரில் இருந்தவரை 1489இல் வெளியே விட்டு, வரிக் கலகம் மூண்டிருந்த வட மாகாணத்துக்கு அனுப்பினார் ஹென்றி. நிலங்களை ஒரேயடியாகத் தரவில்லை. உழைக்க உழைக்கத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தார். எதிரியாக இருந்தவர் அரசரின் மிகச் சிறந்த தளபதி ஆனார்.

கணக்கை ஹென்றி யாரிடமும் நம்பி விட்டதில்லை. பழைய கருவூல அலுவலகம் மந்தமானது, சம்பிரதாயம் மிகுந்தது. அதை ஓரங்கட்டிவிட்டு, பணம் நேரே தம் அந்தரங்க அலுவலகத்துக்கு வருமாறு செய்தார். அங்கே பொருளாளர் ஜான் ஹெரன் எழுதிய பேரேடுகளில் பக்கம் பக்கமாக அரசரின் கையொப்பம் இருக்கிறது. ஐரோப்பாவில் வேறெந்த அரசர் இப்படி வரவு செலவைத் தானே உட்கார்ந்து சரிபார்த்தார்? ஆட்களைப் பற்றிய ரகசியக் குறிப்பேடு ஒன்றும் வைத்திருந்தாராம். வளர்ப்புக் குரங்கு ஒருநாள் அதைக் கிழித்துப் போட, அரசவையே உள்ளூரக் கொண்டாடியது என்று எழுதுகிறார் பிரான்சிஸ் பேக்கன்.

போர் செலவு பிடிக்கும் சங்கதி என்பதால் அதிலும் லாபம் பார்த்தார். 1492இல் பிரான்சின் மீது படையெடுத்துப் போய், சில வாரங்களில் சமாதானம் பேசி, ஆண்டுக்கு 50,000 கிரவுன் கப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினார். நாடாளுமன்றத்தை மொத்தம் ஏழு தடவைதான் கூட்டினார். 1497க்குப் பிறகு ஒரே தடவை, 1504இல். அந்த ஒரு தடவையும் எதற்குத் தெரியுமா? மூத்த மகனுக்கு வீரப்பட்டம் கட்டும்போது குடிகள் காணிக்கை செலுத்தும் பழைய வழக்கத்தைக் காட்டிப் பணம் கேட்க. பட்டம் கட்டி 15 வருடம் ஆகியிருந்தது. மகன் ஆர்தர் இறந்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த மரணமும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிரசவத்தை ஒட்டி ராணி எலிசபெத் இறந்ததும் அவரை மாற்றிவிட்டன. ராணி போனதும் யாரையும் பார்க்காமல் தனியறைக்குள் முடங்கினார். வம்சத்துக்கு ஒற்றை ஆண்பிள்ளைதான் மிச்சம். யார்க் வம்சத்து சஃபோக் பிரபு வெளிநாட்டுக்கு ஓடியிருந்தார். பழைய பயம் இரட்டிப்பானது. கடைசி ஆண்டுகளில் ரிச்சர்ட் எம்சன், எட்மண்ட் டட்லி என்ற இரு வழக்கறிஞர்கள் கையில் சாட்டை வந்தது. ஜூரியின் விசாரணையே இல்லாமல் அரசரின் சட்ட ஆலோசனைக் குழு ஆட்களை வரவழைத்தது, முறி எழுதி வாங்கியது. லண்டன் வணிகர்களும் தப்பவில்லை. நாடு அமைதியாக இருந்தது என்று இந்தக் காலத்தைப் புகழும் ஆசிரியர்கள் உண்டு. அமைதிதான், ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவர்களின் அமைதி.

1509 ஏப்ரல் 21, ரிச்மண்ட் அரண்மனையில் ஏழாம் ஹென்றி இறந்தார். உள்ளிருந்தவர்கள் இரண்டு நாள் அதை வெளியே சொல்லவில்லை. அதற்குள் ஆகவேண்டிய ஏற்பாடுகளைப் பேசி முடித்துக்கொண்டு செய்தியை வெளியிட்டபோது, 17 வயது மகன் எட்டாம் ஹென்றி எந்தப் போட்டியுமில்லாமல் அரசரானார். வயது வந்த வாரிசிடம் சண்டையின்றி அரியணை கைமாறியதை அந்தத் தலைமுறை பார்த்ததே இல்லை. எம்சனும் டட்லியும் உடனே கைதானார்கள். டவரில் உட்கார்ந்து டட்லி ஒரு பட்டியல் எழுதினார். தம் எஜமானர் அநியாயமாக முறி வாங்கியவர்கள் என்று 80க்கும் மேற்பட்ட வழக்குகள் அதில் இருக்கின்றன. புதிய அரசர் பல முறிகளை ரத்து செய்தார். ஊர் மெச்சியது.

1510 ஆகஸ்டில் இருவர் தலையும் உருண்டது. சாட்டிய குற்றம் பணம் பறித்தது அல்ல. அரசர் சாகும் தறுவாயில் ஆயுதம் தாங்கிய ஆட்களைத் திரட்டினார்கள் என்ற ராஜத் துரோகம்! வசூலே குற்றம் என்று தீர்ப்பெழுதினால் வசூலான பணத்தைத் திருப்பித் தர வேண்டி வருமே. அந்தப் பணத்தை மகன் பிரான்சில் எப்படிக் கரைத்தார் என்பது அடுத்த வாரம்.