கேரளத் திரைப்பட விழாவை உருவாக்கிய பார்வையாளர்கள்

ஆண்டுதோறும் பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில் திருவனந்தபுரத்தில் நடைபெறும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, அரசின் பொருளுதவியோடும் அரசு நிறுவிய அமைப்பொன்றின் பொறுப்பிலும் நடந்துவருவதாயினும், அதன் வரலாற்றை அரசாணைகளிலிருந்து எழுதத் தொடங்கினால் முதன்மையான பகுதி விடுபட்டுப்போகும். முதல் விழா 1994ஆம் ஆண்டில்தான் கூடியது. அதற்குரிய பார்வையாளர்களோ அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உருவாகிவந்தனர்.

இந்த உருவாக்கத்தின் தொடக்கம் திரைப்படச் சங்கங்களில் இருக்கிறது. உறுப்பினர்கள் சந்தா செலுத்தி, வணிகத் திரையரங்குகளுக்கு வராத படங்களைத் தூதரகங்கள், ஆவணக் காப்பகம் போன்ற இடங்களிலிருந்து தருவித்துப் பார்த்து, படம் முடிந்தபின் கூடி விவாதிக்கும் அமைப்பே திரைப்படச் சங்கம் எனப்பட்டது. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று திரும்பிய அடூர் கோபாலகிருஷ்ணன், குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலியோருடன் சேர்ந்து 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாக, ஊர்தோறும் வாசகசாலையும் அதில் கூடிப் பேசும் வழக்கமும் ஏற்கெனவே வேரூன்றியிருந்த நாட்டில், படம் பார்த்து விவாதிக்கும் பழக்கமும் விரைவில் பரவியது இயல்பே. சங்கத்தினர் அமைத்த சித்ரலேகா கூட்டுறவு அமைப்பு தானே தயாரித்து 1972இல் வெளியிட்ட ‘ஸ்வயம்வரம்’, சங்கத்தில் படம் பார்த்தவர்களே படம் எடுப்பவர்களாகவும் ஆக முடியும் என்பதை நிறுவியது.

அடுத்த கட்டம் இன்னும் துணிவானது. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை இயக்கிய ஜான் ஆபிரகாமும் அவருடைய நண்பர்களும் 1984இல் ஒடேசா என்னும் மக்கள் திரைப்பட அமைப்பைத் தொடங்கினர். தயாரிப்பாளர், விநியோகஸ்தர் என்ற இருவரின் தயவும் இன்றிப் படமெடுக்க விரும்பிய அவர்கள், படச்சுருளையும் படக்காட்டுக் கருவியையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று, சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்கள் கொடுத்த சிறு தொகைகளைத் திரட்டினர். 1986இல் வந்த ‘அம்ம அறியான்’ அப்படிச் சேர்ந்த பணத்தில் உருவானதே. மறு ஆண்டே ஜான் கோழிக்கோட்டில் இறந்தார். இந்தியத் திரைப்பட வரலாற்றில் ஒடேசாவின் முயற்சிக்கு நிகரானவை மிகச் சிலவே. திரைப்படம் என்பது தாம் பங்குகொண்ட ஒரு பொதுச் சொத்து என்னும் உணர்வை அது கேரளத்துப் பார்வையாளர்களிடம் விட்டுச் சென்றது.

நடுவண் அரசின் சர்வதேசத் திரைப்பட விழா, 2004இல் கோவாவில் நிலைகொள்வதற்கு முன், பல நகரங்களுக்கு மாறி மாறிச் சென்றுகொண்டிருந்தது. 1988இல் அது திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, இயக்குநரும் ஓவியருமான ஜி. அரவிந்தன் தோல்பாவைக்கூத்துப் பாவை ஒன்றின் வடிவத்தைக் கொண்டு சின்னம் அமைத்தார்; பின்னாளில் கேரள விழாவும் அதையே தன் சின்னமாக ஏற்றது. பாலக்காட்டுப் பகுதியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், நீண்ட வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக விளக்கேற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் விழச்செய்து இரவு முழுவதும் இராமகதை நடத்தும் கலை இது. அங்கே பாடப்படுபவை கம்பராமாயணச் செய்யுள்கள். அவற்றைப் பாடிப் பொருள் விரித்துரைக்கும் கலைஞர்கள் இன்றும் புலவர் என்றே அழைக்கப்படுகின்றனர். வெள்ளித்திரைக்குப் பல நூற்றாண்டு முன்பே ஒளியும் நிழலும் கொண்டு கதை சொன்ன மரபைச் சின்னமாகக் கொண்டது மிகப் பொருத்தமான தேர்வாகும்.

இவ்வளவும் நிகழ்ந்தபின் 1994இல் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கோழிக்கோட்டில் முதல் விழாவை நடத்தியது. தொடக்க ஆண்டுகளில் நகர் மாறிய விழா பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்தது. 1998இல் இயக்குநர் ஷாஜி என். கருண் தலைமையில் அமைந்த கேரள மாநிலச் சலச்சித்திர (திரைப்பட) அகாதமி அதன் பொறுப்பை ஏற்றது. போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டப் பகுதிகளின் படங்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெருவிழாக்கள் ஓரமாக வைத்திருந்த நாடுகளின் சினிமாவை நடுவில் வைத்த இம்முடிவே விழாவுக்குத் தனிமுகம் தந்தது எனலாம்.

பதிவுக் கட்டணம் செலுத்தி அட்டை பெறும் எவரும் மாணவராயினும் கூலித் தொழிலாளியாயினும் எந்தப் படத்துக்கும் வரிசையில் நிற்கலாம் என்பது விழாவின் அடிப்படை விதியாக இருந்துவருகிறது. நடுவர் குழு வழங்கும் தங்கச் சகோரம், வெள்ளிச் சகோரம் ஆகிய விருதுகளுடன், பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதும் உண்டு. ‘ஓபன் ஃபோரம்’ எனப்படும் பொது விவாதத்தில் இயக்குநரையும் அமைப்பாளரையும் எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை அட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் உண்டு. பழைய சங்கங்களின் மரபு இந்த மேடையில்தான் குறையாமல் தொடர்கிறது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் அரசு கொண்டாட்டங்களைத் தவிர்த்தபோது, பதிவுக் கட்டணத்தை 2000 ரூபாயாக உயர்த்திச் செலவைச் சுருக்கி விழாவை நடத்த முடிந்ததற்கும், பார்வையாளர்கள் அதைத் தங்களுடையதாகக் கருதியதே காரணம். 2022 டிசம்பரில் திரைத்துணிவுக்கான விருதுக்குத் தேர்வான ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகம்மதி, பயணத்துக்கு வழியில்லாத நிலையில், தம் நாட்டுப் பெண்களின் போராட்டத்தின் அடையாளமாகத் தம் தலைமுடிக் கற்றையை அனுப்பிவைத்தார். விருதை அவர் சார்பில் பெற்றுக்கொண்ட கிரேக்க இயக்குநர் அதை மேடையில் உயர்த்திக் காட்டினார்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கூட்டத்தைப் பிரிக்கும் பொருட்டு 25ஆவது விழா திருவனந்தபுரம், எர்ணாகுளம், தலச்சேரி, பாலக்காடு ஆகிய நான்கு ஊர்களில் அடுத்தடுத்து நடந்தது. மறு ஆண்டு மார்ச்சில் தலைநகருக்குத் திரும்பிய விழாவில் பார்வையாளர் விருதைப் பெற்றது ஒரு தமிழ்ப் படம்: பிரிந்து சென்ற மனைவியை அழைத்துவரப் புறப்பட்ட தந்தையும் மகனும் மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் கொதிக்கும் வெயிலில் நடந்து திரும்பும் கதையைச் சொன்ன, பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. கேரளத்தின் பார்வையாளர்கள் வாக்களித்து முதலிடம் தந்த அப்படத்தைத் தமிழகத்தின் பொதுப் பார்வையாளர்கள், 2023இல் அது இணையவழியே வெளியான பின்னரே காண முடிந்தது.