உரோமாபுரியிற் கிறித்துசமயம் ஓங்கிய வரலாறும் நீலகிரிச் சைவர் கடனும்

சிவமயம்

நீலகிரி மலையின் அடிவாரத்தே பரந்து கிடக்கும் கொங்குநாட்டில், கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலே, உரோமச் சக்கரவர்த்திகளாகிய அகஸ்தஸ், திபேரியஸ் என்பவர்களின் தலையுருவம் பொறித்த வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. யவன வணிகர் நம் நாட்டு மிளகையும் மணிகளையும் கொள்ளும்பொருட்டுக் கொணர்ந்த காசுகள் அவை. அத் திபேரியஸ் ஆண்ட காலத்திலேதான் இயேசுநாதர் யூதநாட்டிற் சிலுவையில் அறையுண்டு உயிர்நீத்தார். அஞ்ஞான்று உரோமாபுரியில் அவர் பெயரைக் கேட்டறிந்தார் அரியர். ஆயினும் முந்நூறு யாண்டு நிரம்புதற்கு முன்னரே உரோமச் சக்கரவர்த்தி அவர் சமயத்தைச் சார்ந்தான். பெருங்கோயிலும் செல்வமும் அரசாணையும் உடைய பழஞ்சமயம் தாழ, இவற்றுள் ஒன்றும் இல்லாத புதுச்சமயம் ஓங்கிய காரணம் யாது? இதனை ஆராய்தல் சைவ நன்மக்கட்கு, சிறப்பாக நீலகிரியில் வாழ்வார்க்கு, இன்றியமையாததென்பது பின்னர் விளங்கும்.

அரசன் தழுவியதனாலேயே அச்சமயம் பரவிற்றென்பர் பலர். காலமுறையை நோக்குவார்க்கு அது பொருந்தாமை புலனாம். 64 ஆம் ஆண்டில் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது நீரோ என்னும் அரசன் அப்பழியைக் கிறித்துவர்மேல் ஏற்றிப் பலரைக் கொல்வித்தான். 250 இல் தேசியஸ் என்பான், யாவரும் பழந்தெய்வங்கட்குப் பலியிடல் வேண்டுமென ஆணையிட்டு மறுத்தாரை ஒறுத்தான். 303 இல் தியோக்கிலேத்தியன் அவர்தம் கோயில்களை இடிப்பித்து நூல்களை எரிப்பித்தான். கான்ஸ்தந்தைன் 313 இல் வழிபாட்டுரிமை நல்கியது இவற்றிற்கெல்லாம் பின்னரே. தியோதோசியஸ் 380 இல் அதனை அரசசமயமாக்கி, 391 முதற் பழைய பலிகளை விலக்கியது அதற்கும் பின்னர். அரசவன்மையாற் பிறர் வழிபாட்டை நசுக்கிய அப்பிற்செயல் பெருங்குற்றமே. ஆயின் அது வளர்ச்சியின் விளைவேயன்றி வித்தன்று.

வித்து யாதெனிற் கூறுதும். ஏறக்குறைய 112 ஆம் ஆண்டிற் பித்தினியா நாட்டை ஆட்சிபுரிந்த பிளினி என்னும் அதிகாரி, தன் அரசனாகிய திராயானுக்கு விடுத்த ஓலையில், அச்சமயம் நகரங்களோடு சிற்றூர்களிலும் நாட்டுப்புறங்களிலும் பரவியதென்றும், தான் விசாரித்த அடிமைப் பெண்டிர் இருவர் அச்சபையிலே திருத்தொண்டு பூண்டவரென்றும் குறித்துள்ளான். அடிமைப் பெண்ணுக்கும் அங்கே ஒரு தொண்டும் ஒரு மதிப்பும் இருந்தமை இதனாற் பெறப்படும். 251 ஆம் ஆண்டளவில் உரோமாபுரிச் சபைத்தலைவர் கொர்னேலியஸ் எழுதிய ஓலையில், கைம்பெண்களும் வறியவருமாகிய 1500 பேருக்கு மேற்பட்டாரை அச்சபை உண்டியளித்துப் புரந்தமை காணப்படுகின்றது. அக்காலத்தே கொள்ளைநோயும் பரவிற்று. கார்த்தேஜ் நகரத்துச் சபைத்தலைவராகிய சிப்பிரியன், தம்மவர் பிறர் என்னும் வேறுபாடின்றி நோயாளர்க்கு உதவுமாறு தம் கூட்டத்தாரை ஏவினார்.

மாற்றார் வாய்ப்பிறந்த சான்று பின்னும் வலிது. 361 முதல் 363 வரை ஆண்ட யூலியன் என்பான், கிறித்துசமயத்தை விடுத்துப் பழஞ்சமயத்தை மீட்க முனைந்தவன். அவன் கலாத்தியா நாட்டுத் தலைமைக் குருவுக்கு எழுதிய ஓலையில், கிறித்துவர் தம் வறியவரையன்றிப் பிறசமய வறியவரையும் புரத்தலையும், தன் சமயத்தார் தம்மவர்க்கே உதவாமையையும் எடுத்துக்காட்டி நாணினான். ஊர்தோறும் அறச்சாலை அமைக்குமாறு பணித்துத் தானியமும் அளித்தான். அவ்வேற்பாடு வேரூன்றுமுன் அவன் பாரசீகப் போரில் மாண்டான். பலநூறு யாண்டு செய்யாது விட்டதனை இரண்டு யாண்டிற் செய்து முடித்தல் கூடுமோ?

பண்டை உரோமர்க்குத் தெய்வமும் விழவும் பலியும் குறைவின்றி இருந்தன. உயிர் யாது, அஃது எய்தும் பயன் யாது என்னும் விசாரணையோ தத்துவநூலாரிடத்தும் அவரை அடுத்த கற்றார் சிலரிடத்துமே நின்றது. கோயிலுக்கு வந்த ஏழைக்கு அதனை எடுத்துரைப்பார் அரியர். அவன் மனையிற் பிணி புகுந்தபோது அவனைத் தேடிச் செல்வாரும் அரியர். அவ்வெற்றிடத்திலே புதுச்சமயம் புகுந்தது என்க.

இனி நீலகிரியை நோக்குவாம். 1603 ஆம் ஆண்டிற் பெனிசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார், பழங்கிறித்துவர் இம்மலையில் உளர் என்னும் செய்தியைக் கேட்டு மலையாளக்கரையினின்றும் ஏறிவந்து, தொதவரையும் படகரையும் கண்டு, கிறித்துவர் ஒருவரையும் காணாது மீண்டார். 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் இங்கே வந்தபின் ஆங்கிலர் குடியேறினர். 1830 இல் உதகமண்டலத்துப் பரிசுத்த ஸ்தேவான் ஆலயம் பிரதிட்டை செய்யப்பெற்றது. 1846 இற் பாசல் மிஷன் பாதிரிமார் கேத்தியில் தொண்டு தொடங்கினர். அங்கே படகச் சிறுவர்க்குப் பள்ளி வைத்த காசமேஜர் என்னும் ஆங்கில அதிகாரி, 1849 இல் இறந்தபோது தம் பொருளையும் அவர்க்கே விட்டார். ஆள்வோரும் அச்சமயத்தவர், பள்ளியும் மருந்தும் பொருளும் அவர்பால் இருந்தன. எனினும் படகருள் முதல்வராக ஒருவர் ஞானஸ்நானம் பெற்றது 1858 இலேதான்.

இத்தாழ்ப்பு யாதுபற்றி? படகர் சிவபெருமானையும் ஹெத்தையம்மனையும் வழிபடுவோர். அவருள் இலிங்கந் தரிப்பாரும் உளர். ஹட்டி எனப்படும் அவர் ஊர், இன்பத்தினும் துன்பத்தினும் ஒரு குடும்பமாய் நிற்பது. ஒருவர் இறந்தவழிப் பலவூராரும் கூட, முதியோர் ஒருவர் மக்கள் செய்யும் பாவங்களை நிரல்பட ஓதி, அவை ஒரு கன்றின்மேற் சென்றொழியவும் உயிர் இறைவனடி சேரவும் வேண்டும் சடங்கு அவர்பாற் பண்டுதொட்டு வழங்கியது. எல்லைக்கல்லைப் பெயர்த்தலும் அங்கே பாவமென ஓதப்படும். அப்பாடலைச் சார்லஸ் கோவர் என்பார் 1871 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அறவுரையும், துயரிற் சேரும் கூட்டமும், உயிர்க்கு உய்தியுண்டென்னும் உறுதியும் அவர்க்குத் தாய்மொழியிலேயே வாய்த்திருந்தன. உரோமத்து ஏழைக்கு வாயாதது படகர்க்கு வாய்த்திருந்தது.

தேயிலைத் தோட்டங்களுக்குச் சமவெளியினின்றும் வந்த தமிழ்க்குடிகளின் நிலையோ வேறு. ஊரும் உறவும் குலதெய்வமும் கீழே நிற்க, வரிசை வீடுகளில் வாழ்ந்த அவர்க்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலே துணையாயிற்று. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையினின்றும் வந்து கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் அமர்ந்தாரும் அத்தகையரே. அவர்க்குத் திருவிழா உண்டு, காவடியும் உண்டு. திருவைந்தெழுத்தின் பொருளை அவர்தம் சிறார்க்கு உரைப்பார் யாவர்? நோயுற்ற தாயை நாடிச் செல்லும் அடியார் கூட்டம் எங்கே? உதவிய கையைப் பற்றிச் செல்வாரை வைதலும், உதவினாரைப் பழித்தலும் சைவர்க்கு அழகல்ல.

இக்கடன் நமக்குப் புதிதன்று. சூலைநோயால் வருந்திய மருணீக்கியாரைச் சைவத்திற்கு மீட்டது, திருவதிகையில் திலகவதியார் திருநீறளித்து அரவணைத்த அன்பன்றோ? பஞ்சம் வந்தஞான்று திருவீழிமிழலையிற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தவர் ஆளுடைய பிள்ளையாரும் அப்பரும் அல்லரோ? விதைத்த நெல்லை நள்ளிரவில் வாரிவந்து விருந்தோம்பியவர் இளையான்குடிமாறர் அல்லரோ? அண்மைக்காலத்தும், ஆறுமுகநாவலர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். பாதிரிமார் முறையை உடனிருந்து கண்டவர். அவர் கண்டனம் எழுதியதோடு அமையாது, 1848 இல் வண்ணார்பண்ணையிலும் 1864 இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார்.

ஆதலின், தோட்டக்கோயில்தோறும் வாரத்தில் ஒருநாளேனும் சிறார்க்குத் திருமுறை ஓதுவித்தலும், அதன் பொருளை எளிய தமிழில் உணர்த்தலும், அக்கோயிலைச் சார்ந்த அடியார் சிலர் கூடிப் பிணியாளரையும் கைம்பெண்டிரையும் முறைவைத்துச் சென்று காண்டலும் உடனே தொடங்கற்பாலன. திருமடங்களும் சைவ சங்கங்களும் இம்மலைக்கு ஓர் ஓதுவாரையேனும் நிலையாக அமர்த்துதல் வேண்டும். கும்பாபிடேகத்திற்குப் பொருள் திரட்டுவோர் அதில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவாராயின் அதுவே போதும். யூலியனைப்போல் இறுதிக்கண் விழித்துப் பயனில்லை. காலம் இருக்கும்போதே செய்தல் அறிவுடையார் கடன்.

திருச்சிற்றம்பலம்