இயக்கத் தண்டு மாற்றியமைத்தல்

இயக்கத் தண்டு மாற்றியமைத்தல் என்பது பின்சக்கர இயக்கம் கொண்ட மகிழுந்தில் வேறொரு பற்சக்கரப்பெட்டியைப் பொருத்திய பின்னர், அதனைப் பின் அச்சுடன் இணைக்கும் தண்டைப் புதிய அளவுக்கு ஏற்ப அமைக்கும் பணியாகும். இத்தண்டு பட்டறைகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என வழங்கப்படுகிறது. பற்சக்கரப்பெட்டிகள் நீளத்திலும் வெளியீட்டுத் தண்டின் அமைப்பிலும் வேறுபடுவதால், பழைய தண்டு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

நீளம்

தண்டின் முன்முனையில் உள்ள ஸ்லிப் யோக் என்னும் சறுக்கு நுகம், பின் அச்சு மேலும் கீழும் அசையும்போது பற்சக்கரப்பெட்டியினுள் முன்னும் பின்னும் நகர்கிறது. தண்டு நீளமாக இருந்தால் நுகம் உள்ளே முட்டி, பெட்டியின் தாங்கிகளைச் சிதைக்கும். குட்டையாக இருந்தால் நுகம் வெளியே கழன்றுவிடலாம். ஓடும் வண்டியில் தண்டின் முன்முனை சாலையில் ஊன்றினால் பெரும் விபத்து நேரலாம். ஆகவே வண்டி தன் முழு எடையுடன் சக்கரங்களில் நிற்கும்போதே அளவெடுக்க வேண்டும். நுகத்தை முழுவதும் உள்ளே தள்ளி, பின்னர் ஏறத்தாழ 25 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் அளப்பது பொது வழக்கமாகும்.

எடுத்துக்காட்டு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 (1969), 700ஆர்4 (1982) ஆகிய இரண்டின் வெளியீட்டுத் தண்டுகளிலும் 27 ஸ்ப்லைன் பற்கள் உள்ளன. எனவே ஒரே நுகம் இரண்டிற்கும் பொருந்தும். ஆனால் 6 அங்குல வால்பகுதி கொண்ட 350, மற்றதை விட ஏறத்தாழ 3 அங்குலம் குட்டையானது. இம்மாற்றத்தில் தண்டைக் குறைக்க வேண்டும். 9 அங்குல வால்பகுதி கொண்ட 350 ஏறக்குறைய 700ஆர்4 நீளமே உடையது. டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இல் 32 பற்கள் இருப்பதால் அதற்கு வேறு நுகம் தேவைப்படும். பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் அளந்தறிய வேண்டியதன் காரணம் இதுவே.

கோணங்கள்

யுனிவர்சல் மூட்டு கோணத்தில் இயங்கும்போது, வெளியீட்டு வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. இவ்வேறுபாடு 3° கோணத்தில் சுமார் 0.14 விழுக்காடு, 10° கோணத்தில் சுமார் 1.5 விழுக்காடு ஆகும். முன், பின் மூட்டுகளின் கோணங்கள் சமமாகவும், தண்டின் இரு முனை நுகங்களும் ஒரே தளத்திலும் இருந்தால் ஒன்றின் வேறுபாட்டை மற்றது நீக்கிவிடும். எனவே பற்சக்கரப்பெட்டியின் தாங்கு சட்டத்தை மாற்றும்போது இக்கோணங்களையும் சரிபார்க்க வேண்டும். குழாயை வெட்டி மீண்டும் பற்றவைக்கும்போது நுகங்கள் திரும்பிவிடக் கூடாது.

மாறுநிலை வேகம்

தண்டு வளைந்து அதிரத் தொடங்கும் வேகம் மாறுநிலை வேகம் எனப்படும். ஒரே விட்டமுள்ள குழாயில் இது நீளத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். தண்டு 10 விழுக்காடு நீண்டால் மாறுநிலை வேகம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும்.

குறிப்பிட்ட சாலை வேகத்தில் தண்டின் சுழற்சியை முடிவு செய்வது பற்சக்கரப்பெட்டி அன்று. பின் அச்சின் விகிதமே. 65 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துடன் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 2.73 விகிதத்தில் தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,230 முறையும், 3.73 விகிதத்தில் ஏறத்தாழ 3,040 முறையும் சுழலும். பெட்டியுடன் அச்சு விகிதத்தையும் மாற்றுவோர் இதனைக் கணக்கில் கொள்ள வேண்டும். வெட்டிப் பற்றவைத்த தண்டை எந்திரத்தில் சுழற்றிச் சமன்செய்த பின்னரே வண்டியில் பொருத்த வேண்டும்.