மெலட்டூர் பாகவத மேளா

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்திலுள்ள மெலட்டூரில், ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஊராரே நடிக்கும் இசை நாட்டிய நாடகம். 16ஆம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணக் குடும்பங்களுக்கு இங்கே வீடும் நிலமும் அளித்துக் குடியேற்றினார் என்பது ஊர் வழக்கு. அதனால் ஊருக்கு அச்சுதபுரம் என்றும் பெயருண்டு.

தஞ்சை மராட்டியர் காலத்தில் இவ்வூரில் வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி பத்துக்கும் மேற்பட்ட நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, மார்க்கண்டேயா முதலியன அவற்றுள் அடங்கும். தலையாயது பிரகலாத சரித்திரம். பெருமாள் சந்நிதிக்கு எதிரே தெருவில் பந்தலிட்டு இரவில் தொடங்குவார்கள். முதலில் கோமாளியான கோணங்கி ஆடி வருவான். பிள்ளையார் முகமூடியுடன் ஒரு சிறுவன் வருவான். பிறகு ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தரு என்னும் அறிமுகப் பாட்டோடு நுழையும். பெண் வேடமும் ஆண்களே கட்டுவர். நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுவது; அதை அணிபவர் விரதமிருப்பார். விடியும் வேளையில் தூணிலிருந்து அவர் வெளிப்படும்போது ஆவேசம் மிகும் என்பதால், உடன் நிற்பவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு அது வெறும் நாடகக் காட்சி அல்ல, சாமி தரிசனம்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரதம் நடேச ஐயர் இக்கலையைக் கட்டிக்காத்தார். 1930களில் தடைபட்டு, பின்னர் உயிர்பெற்றது. பரதநாட்டிய மீட்புக்கு உழைத்த ஈ. கிருஷ்ணய்யர் இதன்பால் வெளியுலகின் கவனத்தைத் திருப்பினார். பாகவத மேளா நடந்துவந்த ஊத்துக்காடு முதலிய பிற ஊர்களில் இம்மரபு தளர்ந்தது. சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் தொடர்கிறது.

நடிகர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வேலைக்காக வெளியூர் சென்றவர்கள் விடுப்பெடுத்து வந்து வேடம் கட்டுகிறார்கள். தகப்பன் ஆடிய வேடம் மகனுக்கு வருகிறது. சிறுவயதில் பிரகலாதனாக நின்றவர் பிற்காலத்தில் இரணியனாக முழங்கலாம். வசனம் தெலுங்கு, கேட்பவர்கள் தமிழர்கள். ஆனாலும் பிள்ளைப் பருவம் முதல் கேட்டுப் பழகியதால் கதையோட்டம் எவருக்கும் தடைபடுவதில்லை. அக்கிரகாரங்கள் காலியாகிவிட்ட காவிரிக் கரையில், பிரிந்துபோன குடும்பங்களை ஆண்டுக்கொரு முறை ஒரே தெருவில் கூட்டிவைக்கும் ஆற்றல் இந்த நாடகத்துக்கு இருக்கிறது. இதன் மிகப் பெரிய பயன் இதுவே. பெண்களுக்கு மேடையில் இடமில்லாதது குறைதான்.

தஞ்சாவூரிலிருந்து மெலட்டூர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நரசிம்ம ஜயந்தி பெரும்பாலும் மே மாதத்தில் வரும். நாடகம் பார்க்கக் கட்டணம் கிடையாது.