காகிதத் தங்லுங்: ஓர் இரங்கல்

ஜொகூரின் சிறு நகரங்களில், பிள்ளைகளின் கையில் மெழுகுவத்தி எரிய ஊர்வலம் போன காகிதத் தங்லுங் விளக்கு மறைந்துவிட்டது. கடைகளில் காகித விளக்குகள் இன்னும் தொங்கத்தான் செய்கின்றன. அவை அலங்காரத்துக்கு, பலவற்றில் தீ ஏறியதே இல்லை. என் துக்கம் அந்தத் தீக்காக.

சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமி நெருங்கினால், குளுவாங், சிகாமட், லாபிஸ் கடைத்தெருக்களில் மூன்கேக் பெட்டிகளுக்கு மேலே தங்லுங்குகள் ஆடும். மடிப்புத் தங்லுங் தட்டையாக வரும். இழுத்தால் ஆர்மோனியத் துருத்திபோல் விரியும். உள்ளே எலும்பு கிடையாது, காகித மடிப்பே அதை நிறுத்தும். கம்பியைச் சேவலாக, மீனாக வளைத்துக் கண்ணாடித்தாள் ஒட்டியது இன்னொன்று. அதில் வத்தி ஏற்றினால் சேவலின் வால் சிவப்பும் பச்சையுமாகச் சுவரில் விழும். அந்த நிறத்தை எந்தப் பல்பும் தந்ததில்லை.

இவற்றுக்கு மூத்தது மூங்கில் விளக்கு. சீனர்கள் மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் காகிதம் ஒட்டி, துங் எண்ணெய் பூசி, குடும்பப் பெயர் எழுதி வாசலில் ஜோடியாக மாட்டுவார்கள். ஜப்பானியரின் சோச்சின் விளக்கிலோ சிம்பு சுருளாக ஓடும், அமுக்கினால் மடங்கிவிடும்.

ஜொகூர் பாரு ட்ரஸ் சாலைப் பழைய சீனக் கோயிலின் சிங்கே என்னும் சாமி ஊர்வலத்துக்குத் தங்லுங்போல் மறைந்துபோகும் கதி வராது. தியோச்சியூ, ஹொக்கியன், கண்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என ஐந்து சமூகங்கள் அதைத் தாங்குகின்றன. 2012இல் அது தேசிய மரபாகவும் அறிவிக்கப்பட்டது. தெருப்பிள்ளைகளின் ஊர்வலத்தைத் தாங்க யார் இருந்தார்கள்?

பாட்டுப் பாடும் பேட்டரி விளக்கு வந்தது. தீப்பிடிக்கும் என்ற பெற்றோரின் பயமும் நியாயமே. காகிதம் சற்றுச் சாய்ந்தால் நொடியில் எரிந்துவிடும். ஆனால் அதனால்தான் பிள்ளைகள் கையை ஆட்டாமல், காற்றுக்கு முதுகு காட்டி நிதானமாக நடந்தார்கள். தம்பியின் தங்லுங் எரிந்துபோனால் அக்காள் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வெறுங்குச்சியோடு வருவாள். பேட்டரி விளக்கை எப்படியும் ஆட்டலாம், கீழேயும் போடலாம்.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருந்தார்கள். தங்லுங் வாங்கக் காசில்லாதவர்கள் பால் டின்னில் ஆணியால் துளையிட்டு, உள்ளே வத்தி நட்டுக் கொண்டுவந்தார்கள். தவுக்கே எனும் சீன முதலாளியின் மகனின் கண்ணாடித்தாள் சேவலுக்குப் பின்னால் அந்த டின்கள் போயின. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் மாசாய், பாசிர் கூடாங் அடுக்குமாடிகளுக்குக் குடிபோயின. அங்கே நடைபாதையில் தீ ஏற்ற யாரும் விடுவதில்லை.