கடற்படைத் தளபதி கட்டாரியும் அவர் விட்டுச்சென்ற நினைவுகளும்

ராம் தாஸ் கட்டாரி (8 அக்டோபர் 1911 – 21 ஜனவரி 1983) இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். செங்கல்பட்டில் பிறந்தவர். இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்துள்ள வல்லக்கோட்டையும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே.

1927-இல் 'டஃபரின்' பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்கு வந்தார். பின்னர் 'ராஜ்புத்' என்னும் நாசகாரிக் கப்பலின் தலைவரானார். 1949-இல் பிரிட்டனிடமிருந்து பெற்ற மூன்று நாசகாரிகளுள் அது ஒன்று. 1958 ஏப்ரல் முதல் 1962 ஜூன் வரை தலைமைத் தளபதியாக இருந்தார். கோவா விடுதலை அவர் காலத்தில்தான் நிகழ்ந்தது.

கப்பலின் பதிவேட்டில் நேரம், திசை, வேகம், வானிலை ஆகியவை இருக்கும். ஆணையிட்டவரின் அச்சமும் தயக்கமும் அதில் இரா. அவற்றைக் கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் ஒளிப்படங்களிலுமே தேட வேண்டும். கட்டாரி தம் நினைவுகளை 'எ செய்லர் ரிமெம்பர்ஸ்' என்ற நூலாக எழுதினார். நூல் 1982-இல் வெளிவந்தது; மறு ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டிருந்தால் அந்நினைவுகள் அவருடனேயே போயிருக்கும்.

மாணவர்களே, படைவீரர் வாழ்ந்த வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டிகள் இருக்கக்கூடும். உள்ளே இருக்கும் படங்களின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பென்சிலால் மெல்லக் குறித்து வையுங்கள். பெயர் தெரியாத படம் வரலாற்றுக்கு அதிகம் உதவாது.