காற்றிலும் நமக்கொரு பங்கு



வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-இல். கல்வி நிலையங்கள் வானொலி நடத்த மத்திய அரசு அனுமதித்தது 2002-இல்தான். 2004 பிப்ரவரி 1 அன்று, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் 'அண்ணா எஃப்.எம்.' பேசத் தொடங்கியது. வளாக சமுதாய வானொலியில் நாட்டுக்கே அதுதான் முதல்.

மூன்றாமாண்டு படிக்கும்போது அங்கே தன்னார்வலனாகச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னா, டிரான்ஸ்மிட்டரைப் பார்க்கிற ஆசைதான்!

ஒருநாள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா பேச வந்தார். மைக்கைப் பார்த்ததும் தயங்கினார்.

"நான் படிக்கலையே தம்பி, பேசலாமா?"

"உங்க தெருத் தண்ணிக் கஷ்டம் உங்களுக்குத்தானே தெரியும்? பேசுங்கக்கா."

பேசினார், எழுதி வைத்த தாள் எதுவுமில்லாமல். நான் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்ததோடு சரி. 1995 தீர்ப்பின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தர வழி பிறந்தது. 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' தொடங்கியது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, கருவியை யாரும் கற்றுக்கொள்ளலாம். எதிரே இருப்பவரைத் தயங்காமல் பேச வைப்பதுதான் வேலை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும்!